மீன் தொட்டி பில்டரில் செடி வைக்க எதை நிரப்பலாம்? செம்மண்ணா, ஜல்லியா, கோகோபீட்டா?

லாஸ்பேட்டை மாடித்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுப் பின்கட்டில் சிமெண்ட் மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், தண்ணீர் இரண்டடி ஆழம் நிற்கும். கணக்குப்படி சுமார் 2,200 லிட்டர். ஆறு கோய் (வண்ணக் கெண்டை), பத்துப் பன்னிரண்டு தங்கமீன், அது போக கப்பிகள். காலை பத்திலிருந்து மூன்று மணி வரை வெயில் நேராக விழும் இடம்.

தண்ணீர் எப்போதும் பச்சையாகவே இருக்கிறது. பாதித் தண்ணீரை மாற்றினால் ஒரு வாரம் தெளிவாக இருக்கும், அப்புறம் பழையபடி. இப்போதுள்ள பில்டர் ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஸ்பான்ஜ். அதுவும் சீக்கிரம் சீக்கிரமாக அடைத்துக்கொள்கிறது. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டுகிறது. பி.எச். காலையில் 7.6, சாயங்காலம் 8.6. தண்ணீருக்குள் இரண்டு அல்லித் தொட்டிகள் இருக்கின்றன. செம்மண்ணும் தொழு உரமும் கலந்து வைத்தது. கோய் மீன்கள் மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கின்றன.

தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் நான்கடிக்கு இரண்டடி இடம் சும்மா கிடக்கிறது. அதில் ஒரு சின்னத் தொட்டி கட்டி, செடி வைத்து, மீன் தண்ணீரை அதன் வழியாகச் சுற்றவிடலாம் என்று நினைக்கிறேன். நர்சரியில் 'நீர்ச்செடி மீடியா' என்று 10 லிட்டர் பைகளில் சுட்ட களிமண் உருண்டை விற்கிறார்கள். அதுவே தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போடச் சொல்கிறார், இன்னொருவர் அடுப்புக்கரி போதும் என்கிறார். என்ன போட்டால் செடியும் வளரும், தண்ணீரும் தெளியும்? மோட்டார் மணிக்கு 2,000 லிட்டர் தள்ளும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது.


பாகூர் பசுமை எழுதியது:

கோகோபீட் மட்டும் வேண்டாம். முதலில் மிதக்கும், பிறகு ஊறித் தண்ணீரை டீ நிறமாக்கும், கடைசியில் கூழாகிக் குழாயை அடைக்கும். சுட்ட களிமண் உருண்டை நல்ல பொருள்தான். ஆனால் உங்கள் இடத்துக்குச் செலவைக் கணக்குப் பாருங்கள். நான்குக்கு இரண்டு, ஒன்றேகால் அடி உயரம் நிரப்ப 10 கன அடி வேண்டும். அது 280 லிட்டருக்கு மேல். 10 லிட்டர் பையாக வாங்கினால் 28 பைக்கு மேல்.


முத்தியால்பேட்டை கொத்தனார் எழுதியது:

தங்கச்சி, நான் கொத்தனார். ஆரோவில் பக்கம் வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஜல்லிப் படுகை கட்டி, மேலே நாணலும் கல்வாழையும் வைப்பார்களே, அந்த வேலையில் நிறைய வருஷம் இருந்தவன். மீன் தொட்டிக்கும் அதே வித்தைதான். அளவு சின்னது, தண்ணீர் வேகம் அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம். வேலை செய்த கையோடு தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லோரும் மீடியாவைச் செடிக்குச் சோறு போடும் மண்ணாகவே பார்க்கிறார்கள். இந்தப் படுகையில் செடிக்குச் சாப்பாடு தண்ணீரிலேயே வந்துவிடுகிறது. மீன் கழிவுதான் அதற்கு உரம். அதனால் நிரப்பும் பொருளில் சத்தே இருக்கக் கூடாது. தொழு உரம், மண்புழு உரம், செம்மண், பாட்டிங் மிக்ஸ் எதுவும் வேண்டாம். சத்துள்ள மண்ணைப் போட்டால் செடி அதைத் தின்னும், தண்ணீரில் உள்ளதை விட்டுவிடும். மண்ணிலிருந்து கரைவதும் சேர்ந்து பாசிக்குத்தான் போகும். பசியோடு இருக்கும் வேர்தான் தண்ணீரைச் சுத்தம் செய்யும்.

நிரப்பும் பொருளுக்கு இரண்டே வேலை. ஒன்று, தண்ணீர் தடையில்லாமல் போக இடைவெளி கொடுக்க வேண்டும். இரண்டு, நல்ல பாக்டீரியா ஒட்டிக்கொள்ள மேற்பரப்பு கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும். மணலில் மேற்பரப்பு ஏராளம், ஆனால் சில வாரத்தில் சேறு கட்டி அடைத்துக்கொள்ளும். ஒன்றரை இன்ச் ஜல்லியில் தண்ணீர் ஓட்டமாக ஓடும், ஆனால் ஒட்டுவதற்கு இடம் குறைவு. நடுவில் நிற்பது அரை இன்ச் ஜல்லி. 10 கன அடி அரை இன்ச் ஜல்லியில் கற்களின் மேற்பரப்பை எல்லாம் கூட்டினால் சுமார் 900 சதுர அடி வரும். முக்கால் ஜல்லி போட்டால் அது 550 பக்கம் இறங்கிவிடும். உங்கள் ஸ்பான்ஜ் டப்பாவில் அழுக்கும் அங்கேயே, பாக்டீரியாவும் அங்கேயே. அழுக்கைக் கழுவும்போது பாக்டீரியாவும் சாக்கடைக்குப் போய்விடுகிறது. அம்மோனியா இறங்காததற்கு அது ஒரு பெரிய காரணம்.

நம் ஊரில் கிடைப்பது திருவக்கரைப் பக்கத்துக் கருங்கல் ஜல்லி. அது தண்ணீரில் எதையும் கரைக்காது, பி.எச். மாறாது. அது போதும். கிரஷர் தூசி நிறைய ஒட்டியிருக்கும், கழுவுவதில் மட்டும் சோம்பல் கூடாது. பாண்டுச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். கடற்கரை மணலோ சரளையோ எடுத்து வராதீர்கள், உப்பு வரும். இடித்த கட்டடத்துச் செங்கல் ஜல்லியும் வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பும் சிமெண்டும் உங்கள் பி.எச்.சை இன்னும் மேலே தள்ளும். சந்தேகமான கல் எதுவானாலும் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது.

மேலே செடி நடும் நான்கு அங்குலத்துக்கு மட்டும் நயமான பொருள் வேண்டுமானால் சுடுமண் சில்லு போடலாம். வில்லியனூரில் சுடுமண் வேலை நடக்கிறது, புவிசார் குறியீடு பெற்ற ஊர் அது. சூளையில் உடைந்த சட்டி, பானைச் சில்லு கேட்டுப் பாருங்கள். நன்றாக வெந்ததாக இருக்க வேண்டும், வர்ணமோ பளபளப்புப் பூச்சோ இருக்கக் கூடாது. ஒரு துண்டை ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் தண்ணீர் கலங்கியிருந்தாலோ, விரலால் அழுத்தி ஓரம் உதிர்ந்தாலோ தள்ளிவிடுங்கள். வெந்த சில்லுக்குள் நுண்ணிய துளைகள் இருக்கும், வேர் நன்றாகப் பிடிக்கும். கடையில் விற்கும் களிமண் உருண்டையும் குணத்தில் இதே இனம்தான், வாங்க முடிந்தால் இந்த மேல் அடுக்குக்கு மட்டும் வாங்குங்கள். புதிதில் மிதக்கும், ஊறவைத்துப் போட வேண்டும்.

இப்போது கட்டுமானம். தண்ணீர் கீழே நுழைந்து மேலே ஏறி வழிய வேண்டும். மேலிருந்து ஊற்றினால் அழுக்கு மேல் அடுக்கிலேயே படிந்து, செடியின் கழுத்தைச் சுற்றி அடை கட்டும். தரையில் ஒன்றரை இன்ச் பிவிசி பைப்பை நீளவாக்கில் இரண்டு வரிசை போடுங்கள், முனையில் மூடி. ஹேக்சா பிளேடால் இரண்டு இன்ச்சுக்கு ஒரு வெட்டு, பைப்பின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு. வெட்டு கீழே பார்த்திருக்கட்டும், அப்போதுதான் துகள் உள்ளே விழாது. பைப்பைச் செங்கல் துண்டு வைத்துத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வையுங்கள். அதைச் சுற்றி ஒன்றரை ஜல்லி ஒரு அடுக்கு, அதற்கு மேலே முழுக்க அரை ஜல்லி.

ஒரு மூலையில் நான்கு இன்ச் பைப்பைச் செங்குத்தாக நிறுத்தி விடுங்கள். அடிமட்டம் தரையைத் தொட வேண்டும், அடியில் பெரிய ஓட்டைகள் வேண்டும். மேலே மூடி. பிற்காலத்தில் அடியில் சேறு சேரும்போது இதன் வழியாகச் சின்ன மோட்டாரை இறக்கி உறிஞ்சி வெளியேற்றலாம். தரையை இந்த மூலைக்குச் சரிவாக வையுங்கள், தண்ணீரை வடிக்கத் திறந்து மூடும் பால் வால்வு (ball valve) ஒன்றும் அங்கேயே போட்டுவிடுங்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டுக் கட்டிய படுகைகளை மேலிருந்து அள்ளிக் காலி செய்ய வேண்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அரை டன் ஈர ஜல்லியை அள்ளுவது லேசான காரியம் இல்லை.

வழியும் வாயின் மட்டத்தை விட ஜல்லி இரண்டு இன்ச் உயரமாக இருக்கட்டும். மேலே தண்ணீரே தெரியக் கூடாது. வெயில் படாவிட்டால் பாசி பிடிக்காது, தண்ணீர் திறந்து கிடக்காவிட்டால் கொசு முட்டை இடாது. டெங்கு நேரத்தில் வீடு வீடாகப் பார்க்க வருபவர்களுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

செடியை நடும்போது வேரில் இருக்கும் மண்ணைச் சுத்தமாக அலசிவிடுங்கள். வேர் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, கழுத்து ஜல்லி மட்டத்தில். கல்வாழை, குடைக்கோரை, வெட்டிவேர், வசம்பு, ஓரத்தில் நீர்ப்பிரம்மி, வல்லாரை. சம்பங்கோரை வேண்டாம். அதன் கிழங்கு ஊசி மாதிரி போகும், சின்ன இடத்தில் மற்ற செடிகளை நெருக்கிவிடும். ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை இரண்டும் வேகமாகச் சத்தை இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் தப்பித்தவறி வாய்க்காலில் போய்ச் சேர்ந்தால் ஏரியை மூடிவிடும். ஊசுட்டேரி பக்கத்தில் இருக்கும் ஊரில் நான் அதைச் சொல்ல மாட்டேன்.


லாஸ்பேட்டை மாடித்தோட்டம் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணே, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. ஜல்லிதான் என்று முடிவு செய்துவிட்டேன். கரி பற்றியும், இன்னொரு கடையில் 'ஜியோலைட்' என்ற கனிமக் கல்லைப் போட்டால் அம்மோனியா ஒரே நாளில் இறங்கும் என்றார்களே, அது பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சாயங்காலம் மட்டும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறப்பது ஏன் என்றும் புரியவில்லை.


திருப்பாதிரிப்புலியூர் வேதியியல் டீச்சர் எழுதியது:

இந்தக் கேள்வி என் பாடத்துக்குள் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சாயங்கால விஷயம். டெஸ்ட் கிட் காட்டும் 1 பிபிஎம் என்பது அம்மோனியம், அம்மோனியா இரண்டும் சேர்ந்த மொத்தம். மீனைக் கொல்வது பெரும்பாலும் அதில் அம்மோனியா என்ற பகுதிதான். எது எவ்வளவு இருக்கும் என்பதை பி.எச்.சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி தண்ணீரில், பி.எச். 7.6 என்றால் மொத்தத்தில் சுமார் 3 சதவீதம்தான் நச்சு வடிவம். அதே தண்ணீர் 8.6-க்குப் போனால் அது கிட்டத்தட்ட 24 சதவீதம். காலையில் இருந்த அதே 1 பிபிஎம் சாயங்காலம் எட்டு மடங்கு கடுமையாகிறது. பி.எச். ஏன் ஏறுகிறது என்றால், பச்சைத் தண்ணீரில் உள்ள பாசி பகல் முழுக்கக் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. இரவில் பாசியும் மூச்சு விடும், பி.எச். இறங்கும், ஆக்சிஜனும் இறங்கும். 30 டிகிரியில் தண்ணீர் பிடித்துவைக்கக் கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். உங்களுக்குச் சாயங்காலம் மேலே வருவது அம்மோனியாவால் செவுள் எரிவதாக இருக்கலாம். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கும் ஒருமுறை எழுந்து பாருங்கள். அப்போதும் மேலே வந்தால் ஆக்சிஜன் குறைவு. படுகை கட்டி முடிக்கும்வரை தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள், மேலே நிழல் வலை கட்டுங்கள்.

அடுப்புக்கரியோ, ஆக்டிவேட்டட் கார்பனோ தண்ணீரின் நிறத்தையும் வாடையையும் எடுக்கும். அம்மோனியாவை அது அவ்வளவாகத் தொடாது. அதில் பாக்டீரியா வளரும் என்றால், அது ஜல்லியிலும் வளரும். கரி உதிர்ந்து குழாயைக் கறுப்பாக்கும், எனக்கு அதில் விருப்பம் இல்லை.

ஜியோலைட் உண்மையிலேயே அம்மோனியத்தைப் பிடிக்கும். அதன் கட்டமைப்பில் உள்ள சோடியத்தை விட்டு அம்மோனியத்தை எடுத்துக்கொள்ளும். இடம் நிரம்பியதும் நின்றுவிடும். உப்புக் கரைசலில் ஊறவைத்தால் பிடித்ததை விட்டுவிட்டு மறுபடி தயாராகும். இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. மீனுக்குப் புண் என்று நாம் தொட்டியில் கல்லுப்பு போடுவோம் அல்லவா? ஜியோலைட் உள்ளே இருந்தால் சேர்த்துவைத்த அம்மோனியா தண்ணீருக்குத் திரும்ப வந்துவிடும். புதுச்சேரி, கடலூர்க் கரையோர போர் தண்ணீர் பல தெருக்களில் உப்புச் சுவைதான். அப்படிப்பட்ட தண்ணீரில் ஜியோலைட் சரியாகப் பிடிக்கவும் செய்யாது. அவசரத்துக்கு ஒரு வெங்காயச் சாக்கில் போட்டுத் தொங்கவிட்டு எடுத்துவிடலாம். படுகையில் நிரந்தரமாகக் கலக்க வேண்டாம்.

இனி ஜல்லியில் என்ன நடக்கிறது என்பது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டையும் கொஞ்சம் அம்மோனியத்தையும் வேர் இழுத்துக்கொள்ளும். 1950-களில் ஜெர்மனியில் கேதே சைடல் என்ற தாவரவியல் அறிஞர் நாணல் வகைகளை வைத்து அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்து காட்டினார். கொத்தனார் அண்ணன் கட்டும் படுகைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 35 சதவீதம் புரதம் உள்ள தீவனம் ஒரு நாளைக்கு 50 கிராம் போட்டால், அம்மோனியா நைட்ரஜனாகச் சுமார் ஒன்றரை கிராம் தண்ணீரில் சேரும். 900 சதுர அடி மேற்பரப்பில் பாக்டீரியா நன்றாகப் பரவிவிட்டால் அதற்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால் ஒவ்வொரு கிராம் அம்மோனியா நைட்ரஜனையும் நைட்ரேட் ஆக்க 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது, 7.14 கிராம் காரத்தன்மையும், அதாவது பி.எச். இறங்காமல் தாங்கும் சத்தும், செலவாகிறது. முதலாவது, மோட்டாரை ராத்திரி நிறுத்தக் கூடாது என்பதற்குக் காரணம். இரண்டாவது, ஐப்பசி கார்த்திகையில் முக்கியம். விடாத மழையில் மழைநீர் தொட்டிக்குள் விழுந்து, இருக்கும் காரத்தன்மையை நீர்த்துப்போகச் செய்யும். செடி நைட்ரேட்டை எடுக்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், ஆனாலும் ஈடுகட்டாது. ஒரு நாள் பி.எச். சடாரென்று இறங்கும், பாக்டீரியா வேலையை நிறுத்தும். மழைக்காலத்தில் மட்டும் நன்றாகக் கழுவிய கிளிஞ்சல் இரண்டு கை அளவு ஒரு வலைப் பையில் போட்டு, தண்ணீர் வழியும் இடத்தில் தொங்கவிடுங்கள். தண்ணீர் அமிலப் பக்கம் போகும்போதுதான் அது கரையும். வெயில் காலத்தில் எடுத்துவிடலாம்.


கோட்டக்குப்பம் கோய் எழுதியது:

டீச்சர் சொன்ன 'மோட்டாரை நிறுத்தாதே' என்பதை இரண்டு கோடு போட்டுப் படியுங்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் போய் வெகுநேரம் வரவில்லை. இந்த மாதிரி படுகை நின்றுவிட்டால் ஜல்லிக்குள் இருக்கும் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து அழுகல் வாடை வரும். கரண்ட் வந்ததும் அப்படியே மோட்டாரைப் போட்டால் அந்தத் தண்ணீர் முழுக்க மீன் தொட்டிக்குள் கொட்டும். ஆறேழு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் முதலில் அடி வால்வைத் திறந்து படுகையைக் காலி செய்துவிட்டு, அப்புறம் ஓடவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தாலே முந்தைய நாளிலிருந்து மீனுக்குத் தீவனம் போடுவதை நிறுத்திவிடுவேன். கோய் சில நாள் சாப்பிடாமல் தாராளமாக இருக்கும்.


நொச்சிக்காடு வெட்டிவேர் எழுதியது:

கடலூர் சிப்காட்டைத் தாண்டிக் கடலோரக் கிராமம் எங்களுடையது. மணலில் வெட்டிவேர்தான் எங்கள் பயிர். உங்கள் படுகைக்கு வேருக்காக அறுவடை செய்யும்போது மேலே மிஞ்சும் நாற்றுத் துண்டே போதும். இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வேரை இரண்டு விரல் நீளம் விட்டு நறுக்கி, இரண்டு மூன்று தண்டுகளாகப் பிரித்து நடுங்கள். ஜல்லியில் நட்டதும் பத்துப் பதினைந்து நாள் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிடுங்கிப் பார்க்க வேண்டாம், வேர் விட்டுக்கொண்டிருக்கும்.

மற்ற செடிகளை விட வெட்டிவேரில் ஒரு நன்மை, உப்புத் தண்ணீரைத் தாங்கும். கல்வாழைக்கு இலை ஓரம் கருகும் தண்ணீரில்கூட இது பச்சையாக நிற்கும். ஆனால் நிழலில் வராது. உங்கள் மதில் ஓரம் எந்தப் பக்கம் வெயில் என்று பார்த்து, வெயில் பக்கத்தில் வெட்டிவேரையும் நிழல் பக்கத்தில் குடைக்கோரையையும் வையுங்கள். ஒன்றேகால் அடி ஜல்லி அதன் வேருக்குக் குறைவுதான், கீழே போய்ச் சுருண்டு பாய் மாதிரி பின்னிக்கொள்ளும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பாதியை மட்டும் பிடுங்கிப் பிரித்து நடுங்கள். முழுவதையும் ஒரே நாளில் பிடுங்கினால் ஜல்லி கலைந்து சேறெல்லாம் கிளம்பிவிடும்.


லாஸ்பேட்டை மாடித்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். புதுச் சிமெண்ட் பூச்சில் உடனே தண்ணீர் விடலாமா? ஏற்கெனவே உள்ள அல்லித் தொட்டிகளை எடுத்துவிட வேண்டுமா? செடி மஞ்சளாகப் போனால் கொஞ்சம் யூரியா தூவலாமா?


முத்தியால்பேட்டை கொத்தனார் எழுதியது:

யூரியா, டிஏபி எதுவும் கூடவே கூடாது தங்கச்சி. யூரியா தண்ணீரில் அம்மோனியாவாகத்தான் மாறும், மீன் போய்விடும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. செடிக்கென்று விற்கும் கரையும் இரும்பு மருந்தை மிகக் குறைவாக விடலாம். பழைய இலையின் ஓரம் மஞ்சளாகிக் கருகினால் பொட்டாஷ் குறைவு, மீன் தீவனத்தில் அது கம்மி. ஆனால் முதல் ஒரு மாதம் எதுவும் செய்யாமல் இருங்கள். செடி புது இடத்தில் வேர் பிடிக்கும்வரை பழைய இலை மஞ்சளாகத்தான் செய்யும்.

அல்லி இருக்கட்டும், அதன் இலை நிழல் உங்களுக்குத் தேவை. அல்லிக்கு மட்டும் மண் வேண்டும், தண்ணீர் அதன் மண்ணுக்குள் ஓடுவதில்லை என்பதால் பாதகமில்லை. தொட்டியை வெளியே எடுத்துத் தொழு உரம் கலந்த மண்ணைக் கொட்டிவிட்டு, வெறும் களிமண் அல்லது வயல் மண்ணில் திரும்ப நடுங்கள். மேலே இரண்டு இன்ச் முக்கால் ஜல்லி பரப்புங்கள். கோய் சின்னக் கல்லை வாயில் எடுத்துத் துப்பிவிடும், முக்கால் ஜல்லியை அசைப்பது அதற்குக் கஷ்டம். வழியும் தண்ணீர் அல்லி இலை மேல் நேராக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குச் சலசலப்பு ஆகாது.

புதுப் பூச்சு விஷயம் முக்கியம். பூசி முடித்து ஏழு நாளாவது ஈரம் காக்க வேண்டும். அப்புறம் தண்ணீர் நிரப்பி இரண்டு மூன்று நாள் விட்டுக் கொட்டுங்கள், மறுபடி நிரப்புங்கள். வாழைத்தண்டு, வாழைமட்டைத் துண்டுகள் போட்டு ஊறவைப்பது நம் பக்கத்து வழக்கம், அதையும் செய்யலாம். நிரப்பி இரண்டு நாள் நின்ற தண்ணீரின் பி.எச்., உங்கள் போர் தண்ணீரின் பி.எச்.சுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் ஜல்லியைப் போட வேண்டும். ஜல்லி போட்ட பிறகு சுவரைச் சரிசெய்ய முடியாது.

மோட்டாரைத் தொட்டியின் தரையில் வைக்காதீர்கள். ஒரு வாளியில் ஓட்டை போட்டு, உள்ளே வலைப் பையில் நைலான் நார் சுற்றி, அதற்குள் மோட்டாரை வையுங்கள். பெரிய கழிவு அங்கேயே நின்றுவிடும். வாரம் ஒருமுறை அந்த நாரை மட்டும் அலசினால் போதும். ஜல்லியைக் கழுவவே வேண்டாம், அதிலும் குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர் ஆகாது. பெட்டியில் 2,000 லிட்டர் என்று போட்டிருப்பது தண்ணீரை உயரத்துக்குத் தூக்காதபோது வரும் அளவு. இரண்டடி தூக்கி, பைப் வளைவுகளைத் தாண்டி வரும்போது 1,200, 1,300 வந்தால் நல்லது. 2,200 லிட்டர் தொட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று, அது போதும்.

தண்ணீர் உடனே தெளியாது. பாக்டீரியா பரவ நம் வெயிலில் மூன்று நான்கு வாரம் ஆகும். நடுவில் நைட்ரைட் ஏறும், டெஸ்ட் கிட்டில் அதையும் பாருங்கள். பச்சை நிறம் அதற்கும் பிறகு, செடி நன்றாகக் கிளம்பிய பிறகுதான் குறையும். கிளம்பிய பிறகு மாதம் ஒருமுறை கல்வாழையின் முதிர்ந்த தண்டை அடியோடு வெட்டித் தொட்டிக்கு வெளியே கொண்டுபோங்கள். வாடிய இலை படுகையிலேயே விழுந்து அழுகினால் வேர் இழுத்தது எல்லாம் திரும்பத் தண்ணீருக்கே போய்விடும். வெட்டியதை மாடித் தோட்டத்துச் செடிகளுக்கு மூடாக்காகப் போடுங்கள்.


லாஸ்பேட்டை மாடித்தோட்டம் எழுதியது:

சரி அண்ணே. வெட்டிய தண்டுகளைக் கத்தரிக்கும் வெண்டைக்கும் அடியில் போட்டுவிடுகிறேன். ஜல்லிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கொத்து வேலை ஆரம்பம். நொச்சிக்காட்டு அண்ணா, நாற்று எப்போது கிடைக்கும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.


நொச்சிக்காடு வெட்டிவேர் எழுதியது:

அனுப்பியிருக்கிறேன் பாருங்கள். பூச்சு ஊறிக் காயும்வரை உங்களுக்கு எப்படியும் நாள் ஆகும், அவசரப்பட்டு வாங்கி வைத்தால் நாற்று வாடும். படுகையில் தண்ணீர் ஓட ஆரம்பித்த பிறகு வாருங்கள், ஈரச் சாக்கில் சுற்றித் தருகிறேன்.